விமானிகள் வேலைநிறுத்தம் என்றால் நட்டஈடு இல்லையா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரச ஊழியர். என் மகன் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் (11, 6 வயது) ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் இருக்கிறார். என் இளைய மகளின் திருமணத்துக்கு வருவதற்காக ஓர் ஐரோப்பிய விமான நிறுவனத்தில் பிராங்பேர்ட்டிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போக வர நான்கு டிக்கெட் எடுத்திருந்தார். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, அந்த நிறுவனத்தின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்வதால் விமானம் ரத்து என்று மின்னஞ்சல் வந்தது. வவுச்சர் பெற்றுக்கொள்ளலாம் என்று ஓர் இணைப்பும் அதில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. மணிக்கணக்காகத் தொலைபேசியில் முயன்றும் யாரும் எடுக்காததால், மூன்று நாள் கழித்துப் புறப்படும் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் அதிக விலைக்கு ஒருவழி டிக்கெட் வாங்கி வந்தார். தாலிகட்டு முடிந்த மறுநாள்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நட்டஈடு கேட்டதற்கு, 'வேலைநிறுத்தம் அசாதாரணச் சூழ்நிலை, எனவே எதுவும் தர முடியாது' என்று பதில் வந்திருக்கிறது. இது சரியா? நான் வாடகை வானுக்கும் நீர்கொழும்பில் அறைக்கும் கொடுத்த முற்பணம் திரும்பக் கிடைக்குமா? கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மைத்துனர், 'இங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது எங்களுக்கு ஒரு சதமும் தரவில்லை, வீணாக அலையாதே' என்கிறார். மகன் குடும்பம் பள்ளி விடுமுறை முடியத் திரும்புகிறது. அதன்பின் நானும் மனைவியும் அவர்களிடம் போகவிருக்கிறோம். கட்டுநாயக்காவில் வேலைநிறுத்தம் வந்தால் எங்கள் நிலை என்ன?

பதில்: ஐயா, உங்கள் கேள்விகளுக்கு முன்னர் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனின் திரும்பும் டிக்கெட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். போகும் பயணத்தில் ஏறாதவரின் திரும்பும் இருக்கையைத் தானாகவே நீக்கிவிடும் ஏற்பாடு பல விமான நிறுவனங்களின் கணினியில் உண்டு. ரத்துச் செய்தது அவர்கள்தான், உங்கள் மகன் வராமல் இருக்கவில்லை. ஆனாலும் கட்டுநாயக்காவின் கருமபீடத்தில் நின்று அதை வாதிடுவதைவிட, நான்கு பேரின் திரும்பும் இருக்கையும் உறுதியாக இருக்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

இனி நட்டஈடு. நிறுவனம் எழுதிய பதில் தவறு. நீங்கள் சொன்ன விவரங்கள் அப்படியே இருந்தால் உங்கள் மகன் குடும்பத்துக்கு ஆளுக்கு 600 யூரோ, நான்கு பேருக்கும் 2,400 யூரோ சேர வேண்டும். பிள்ளைகளுக்கும் காசு கொடுத்து இருக்கை வாங்கியிருப்பதால் வயது குறுக்கே வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 இலக்க ஒழுங்குவிதி 2005 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய நாடொன்றின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எவரையும் அது காக்கும். பயணி இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் வித்தியாசம் இல்லை. விமானம் எந்த நாட்டுடையது என்பதும் அங்கே பொருட்டல்ல. 1,500 கிலோமீற்றர் வரையான பயணத்துக்கு 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் 600. பிராங்பேர்ட்டிலிருந்து கொழும்பு எந்தக் கணக்கில் பார்த்தாலும் மூன்றாவது வகைதான். புறப்படுவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக ரத்தை அறிவித்திருந்தால் இந்தத் தொகை கிடையாது. உங்களுக்கு அறிவித்ததோ முதல்நாள் மாலை.

நிறுவனம் பிடித்துக்கொண்டிருக்கும் கிளை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா நியாயமான நடவடிக்கையும் எடுத்தும் தவிர்க்க முடியாத 'அசாதாரணச் சூழ்நிலை' இருந்தால் தொகை கொடுக்க வேண்டியதில்லை என்று அதே விதி சொல்கிறது. அதன் முன்னுரையில், அப்படிப்பட்ட சூழ்நிலைகளுக்கு உதாரணமாக வேலைநிறுத்தமும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. நீண்டகாலம் நிறுவனங்கள் அந்த ஒரு சொல்லைக் காட்டியே ஆட்களைத் திருப்பி அனுப்பின. 2012இல் ஜேர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றமே விமானிகளின் வேலைநிறுத்தத்தை அசாதாரணச் சூழ்நிலையாக ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தப் பதில் முழுக்க வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆனால் அது பழைய சட்டம்.

நிலைமை மாறியது லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில். அங்கே முதலில் வந்தது நமக்கு நன்கு பழக்கமான சுகயீன விடுமுறைப் போராட்டம். 2016 இலையுதிர்காலத்தில் டியூஐஃபிளை நிறுவனம் மறுசீரமைப்பை அறிவித்ததும் அதன் ஊழியர்களுக்கு ஒரே சமயத்தில் வருத்தம் வந்தது. ஒரு கட்டத்தில் விமானிகளில் 89 சதவீதம் வரை சுகயீன விடுமுறையில் இருந்தார்கள். ஆட்குறைப்பும் மறுசீரமைப்பும் நிறுவனம் நடத்துவதில் வழமையாக வருபவை, அவற்றால் எழும் போராட்டமும் அப்படித்தான் என்று 2018 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நிறுவனங்கள் விடவில்லை. அது தொழிற்சங்கம் இல்லாமல் நடந்த போராட்டம், சட்டப்படி அறிவித்துச் செய்யும் வேலைநிறுத்தம் வேறு என்று வாதாடின. அதற்கான பதில் 2021 மார்ச்சில் எஸ்.ஏ.எஸ். வழக்கில் வந்தது. 2019இல் அந்த ஸ்காண்டிநேவிய நிறுவனத்தின் விமானிகள் சம்பள உயர்வு கேட்டு 7 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் 4,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சொந்த ஊழியர்கள் சம்பளமும் வேலை நிலைமையும் குறித்துச் சட்டப்படி செய்யும் வேலைநிறுத்தம் ஒரு முதலாளிக்கு எதிர்பாராத விடயம் அல்ல, ஆகவே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தாய் நிறுவனத்து ஊழியர்களுக்கு ஆதரவாகத் துணை நிறுவனத்தின் பணியாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்கும் அதே ஆண்டு ஒக்டோபரில் யூரோவிங்ஸ் வழக்கில் இதே பதில்தான்.

ஆகவே உங்கள் மகன் நிறுவனத்துக்குத் திரும்ப எழுதும்போது 2021 மார்ச்சில் வந்த எஸ்.ஏ.எஸ். தீர்ப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும். முதலில் வந்த மறுப்பு பெரும்பாலும் வார்ப்புக் கடிதம். தீர்ப்பின் பெயரோடு போகும் இரண்டாவது கடிதத்துக்குத்தான் ஆள் உட்கார்ந்து பதில் எழுதுவார். இது பயணிகள் வழக்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த அபிப்பிராயம், சட்டம் அல்ல.

புதிதாக வாங்கிய டிக்கெட் விலை தனிக் கணக்கு. இதை 600 யூரோவோடு கலந்துவிடக் கூடாது. விமானம் ரத்தானால் பணத்தைத் திருப்பி வாங்குவதா, வேறு வழியில் போய்ச் சேருவதா என்று தெரிவு செய்யும் உரிமை பயணிக்கு. அந்தத் தெரிவை நிறுவனம் முன்வைக்க வேண்டும். உங்கள் மகனுக்கு முன்வைக்கப்பட்டது வவுச்சர் மட்டும். தொலைபேசியையும் எடுக்கவில்லை. இப்படி மாற்றுப் பயணத்தை ஒழுங்கு செய்யத் தவறிய நிறுவனத்திடம், பயணி தானே வாங்கிய நியாயமான மாற்று டிக்கெட்டின் மேலதிகச் செலவைக் கேட்கலாம். 'நியாயமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். அன்றைக்கு அதே வகுப்பில் கிடைத்தவற்றில் மலிவானதை, அல்லது திருமணத்துக்கு மிக விரைவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை வாங்கினார் என்று காட்ட வேண்டும். அன்று பார்த்த விலைகளின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷொட்) மகனின் கைத்தொலைபேசியில் இருந்தால் அவை பொன். தொலைபேசி அழைப்புப் பதிவையும் அழிக்க வேண்டாம்.

வவுச்சர் இணைப்பைத் தொடாமல் விட்டது மிகவும் நல்ல காரியம். டிக்கெட் பணத்தைக் காசாக, வங்கி வழியாகத் திருப்பித் தருவதே விதி. பயணி கையொப்பமிட்டுச் சம்மதித்தால் மட்டும் வவுச்சர். இணையப் படிவத்தைப் பூர்த்தி செய்வதும் அப்படிப்பட்ட சம்மதமாகலாம் என்று 2024இல் லக்சம்பேர்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனம் முன்கூட்டியே தெளிவாக விளக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. என்றாலும் அவசரத்தில் அழுத்திய ஒரு பொத்தானுக்காகப் பின்னர் வாதாடுவது யாருக்கு வேண்டும்?

இனி உங்கள் வான் முற்பணமும் நீர்கொழும்பு அறையும். இதில் உங்களுக்கு இனிப்பான பதில் தர முடியவில்லை. மகனின் டிக்கெட் ஒப்பந்தத்தில் நீங்கள் பயணி அல்ல, ஆகவே உங்கள் பெயரில் கேட்க வழியில்லை. தாமதத்தால் பயணிக்கு உண்டான நட்டத்தை, சர்வதேச விமானப் பயணம் பற்றிய 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கேட்கலாம். வான் செலவை மகன் ஏற்றுக்கொண்டிருந்தால் அவருடைய நட்டமாக அதைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் இப்படியான மேலதிக நட்டத்திலிருந்து ஏற்கெனவே கொடுத்த 600 யூரோவைக் கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருகிறது. நடைமுறையில் உங்கள் வான் காசு அந்த 2,400க்குள் கரைந்துவிடும். தங்கையின் தாலிகட்டைப் பார்க்க முடியாமல் போன மனவேதனைக்கு என்று தனியாக ஒரு தொகையை எதிர்பார்க்கவும் வேண்டாம். நீதிமன்றங்கள் அந்தக் கதவை மிகக் குறைவாகவே திறக்கின்றன.

எங்கே கேட்பது? முதலில் நிறுவனத்திடம், எழுத்தில். நான்கு பேரின் பெயர், முன்பதிவு இலக்கம், விமான இலக்கம், திகதி, ரத்து அறிவித்தல் வந்த நேரம், கேட்கும் தொகை இரண்டு தலைப்பாக, வங்கிக் கணக்கு, பதிலுக்கு மூன்று வாரத் தவணை. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கையொப்பமிடலாம். இரண்டு மாதமாகியும் தீராவிட்டால் ஜேர்மனியில் பயணிகளுக்கென இருக்கும் சமரச அமைப்புக்குக் கொண்டு போகலாம். பயணிக்கு அது இலவசம். அதிலும் முடியாவிட்டால் விமானம் புறப்படும் இடத்து நீதிமன்றம் இருக்கிறது. ஜேர்மனியில் இந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பு 3 ஆண்டு, அதுவும் சம்பவம் நடந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும். மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கேட்பதற்கு 2 ஆண்டு மட்டுமே. இணையத்தில் 'உங்கள் நட்டஈட்டை நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று வரும் நிறுவனங்கள் மோசடிக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெல்லும் தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். உங்களுடையதைப் போல நேரான விடயத்தில் அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஸ்காபரோ மைத்துனர் பொய் சொல்லவில்லை. அவர் வேறு நாட்டின் சட்டத்தைச் சொல்கிறார். 2019இல் வந்த கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள், நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் தொழிற்பிணக்கையும் அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள காரணங்களின் பட்டியலில் வைத்தன. எயார் கனடா விமானப் பணியாளர்கள் 2025 ஓகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தபோது பயணிகளுக்கு நட்டஈட்டுத் தொகை இல்லாமல் போனது அதனால்தான். ஆனால் அங்கேயும் மாற்று விமானத்தில் இடம் கொடுக்க வேண்டும், 48 மணித்தியாலத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் பயணி பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதை அவர் கேட்டாரா என்று விசாரித்துப் பாருங்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ இந்திய நிறுவனங்களில் போகிறவர்களும் கவனிக்க: இந்திய விதிகளும் வேலைநிறுத்தத்தை விதிவிலக்காகவே வைத்திருக்கின்றன.

இப்போது உங்கள் பயணம். போவதும் வருவதும் ஒரே டிக்கெட்டில் இருந்தாலும் ஐரோப்பிய விதி அவற்றை இரண்டு பயணமாகவே பார்க்கும். டுசில்டோர்ப்பிலிருந்து டுபாய் வழியாக மணிலா போய்த் திரும்பவிருந்த ஒரு பயணியின் வழக்கில் 2008இல் அப்படித் தீர்ப்பானது. திரும்பும் விமானம் மணிலாவில் ரத்தானது, நிறுவனம் எமிரேட்ஸ், ஆகவே ஐரோப்பிய நட்டஈடு கிடையாது என்றார்கள். அதைக் கொழும்புக்குப் பொருத்திப் பாருங்கள். கட்டுநாயக்காவிலிருந்து நீங்கள் ஏறும் விமானத்தை ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் ஒன்று இயக்கி ஜேர்மனிக்குக் கொண்டுபோனால் உங்களுக்கும் 261 உண்டு. வளைகுடா நிறுவனமோ நம் நாட்டு நிறுவனமோ என்றால் இல்லை. பிராங்பேர்ட்டிலிருந்து திரும்பும்போது எந்த நிறுவனமானாலும் உண்டு, இடையில் வேறு இடத்தில் மாறி ஏறினாலும் முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால் போதும். டிக்கெட்டில் ஐரோப்பிய நிறுவனத்தின் பெயர் இருந்தும் விமானத்தை இயக்குவது வேறொருவராக இருக்கலாம். 'இயக்குபவர்' என்று சிறிய எழுத்தில் வரும் வரியை, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

கட்டுநாயக்காவில் வேலைநிறுத்தம் என்றால் அடுத்து, செய்வது யார் என்று பார்க்க வேண்டும். நீங்கள் போகும் நிறுவனத்தின் சொந்த விமானிகள், பணியாளர்கள் என்றால் மேலே சொன்னதுதான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோ குடிவரவு அதிகாரிகளோ என்றால் அது நிறுவனத்தின் கைக்கு வெளியே, 600 யூரோ கிடையாது. இங்கே தரைச் சேவைகளை நீண்டகாலமாக நம் தேசிய விமான நிறுவனமே பிற நாட்டு விமானங்களுக்கும் செய்துவருகிறது. அந்தத் தரைப் பணியாளர் வேலையை நிறுத்தினால், பொதிகளை ஏற்ற முடியாமல் நிற்கும் வெளிநாட்டு விமான நிறுவனம் அதையும் பிறரின் வேலைநிறுத்தம் என்றே வாதாடும். அந்த வாதத்துக்குப் பலமும் இருக்கிறது.

தொகை இல்லை என்பதால் எதுவுமே இல்லை என்று நினைத்து நிலத்தில் துணி விரித்துப் படுத்துவிடாதீர்கள். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடப்பட்டபோதுகூட, சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை நீங்கவில்லை என்று ரயன்எயாருக்கு எதிரான வழக்கில் 2013இல் தீர்ப்பானது. 261 பொருந்தும் பயணத்தில், மாற்று விமானம் வரும்வரை உணவும் ஹோட்டலும் அங்கே போய் வரும் வாகனமும் அவர்கள் பொறுப்பு. திருகோணமலையிலிருந்து இரவு முழுக்க வந்தவரை 'வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வாருங்கள்' என்று சொல்லிப் பார்ப்பார்கள். கொழும்பில் இருப்பவருக்குச் சொல்லும் பதில் அது. கருமபீடத்தில் யாரும் கவனிக்காவிட்டால் நடுத்தரமான ஓர் அறை எடுத்துப் பற்றுச்சீட்டை வையுங்கள், பின்னர் கேட்கலாம். ஐந்து நட்சத்திர ஹோட்டல் பற்றுச்சீட்டு எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு.

ஐரோப்பிய விதி பொருந்தாத நிறுவனத்தில் போனாலும் மொன்றியல் உடன்படிக்கை உங்களுக்கு உண்டு. 2018இல் இலங்கை அதை நம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அங்கே நிலையான தொகை கிடையாது, தாமதத்தால் வந்த நட்டத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பிக்கொள்ளும். கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடியும் டிக்கெட் என்பதால் வழக்கை இலங்கையிலேயே போடலாம் என்பது அதில் ஒரு வசதி.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு விடயத்தில் பிடிவாதமாக இருங்கள். நம் ஊர் முகவர்களில் பலர் முன்பதிவில் பயணியின் தொலைபேசிக்குப் பதிலாகத் தங்களுடைய இலக்கத்தையும் மின்னஞ்சலையும் போடுகிறார்கள். ரத்துச் செய்தி அவர்களுக்குப் போகும். அவர்கள் கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஹபறணையைத் தாண்டிக்கொண்டிருப்பீர்கள். சூரினாம் நாட்டு விமான நிறுவனம் ஒன்று ரத்தை முகவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே சொல்லியும், பயணிக்கு அது பத்து நாள் முன்னர்தான் போய்ச் சேர்ந்த வழக்கில், பயணிக்குத் தெரிந்த திகதிதான் கணக்கு, நிறுவனம் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2017இல் தீர்ப்பானது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் உங்கள் வட்ஸ்அப் இலக்கமும் மகனின் மின்னஞ்சலும் முன்பதிவில் இருந்தால் வழக்கே தேவைப்படாது. வான்காரரிடமும் திகதி மாறினால் முற்பணத்தை அடுத்த ஓட்டத்துக்குக் கழிப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இந்தமுறை அந்தக் காசு போனதே அப்படிப் பேசாததால்தானே.

கடைசியாக, விசா. பெற்றோராகச் சுற்றுலா விசாவில் போகிறீர்கள். திரும்பும் நாளில் வேலைநிறுத்தம் வந்து விசா முடியும் திகதியைத் தாண்டவேண்டி வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். தடுக்க முடியாத காரணத்தால் வெளியேற இயலாதவருக்கு ஷெங்கன் விசாவை (ஜேர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) கட்டணமின்றி நீடிக்க ஐரோப்பிய விசாச் சட்டக் கோவையில் இடம் இருக்கிறது. திகதி முடியுமுன் ரத்துக் கடிதத்தோடு டோர்ட்முண்டிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மகன் உங்களை அழைத்துப் போக வேண்டும். அதே நாள் மருத்துவக் காப்புறுதியையும் நீடித்துக்கொள்ளுங்கள். 261 விதியைத் திருத்தும் முயற்சி 2013 முதல் நடந்துவருவதால், டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தொகைகளும் தாமத வரம்புகளும் மாறியிருக்கின்றனவா என்று மகனை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய கோரிக்கைக்கு அந்த விமானம் ரத்தான நாளில் இருந்த விதியே பொருந்தும்.